ரூட்டுக்கு வரும் மெயிலை யார் படிப்பது? போஸ்ட்ஃபிக்ஸ், அலையாசஸ், அதற்கென ஒரு பேக்கேஜ்: முழுமையான வழிகாட்டி

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன உதிரிபாகத் தொழிற்சாலை. கணக்குப் பிரிவில், மேசைக்கு அடியில் ஒரு டெபியன் சர்வர். ரெய்டு 1, அதாவது ஒரே தகவலை இரட்டையாக வைத்திருக்கும் இரண்டு டிஸ்க். ஒருநாள் காலையில் "சார், சிஸ்டம் எழுந்திருக்கவே மாட்டேங்குது" என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் ஒரு டிஸ்க் எப்போதோ செத்திருந்தது, இன்னொன்று அன்று காலை படுத்திருந்தது. படிக்க முடிந்த மிச்சத்தை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டித் துழாவியபோது /வார்/மெயில்/ரூட் என்ற கோப்பு, அதாவது சர்வரின் தலைமை நிர்வாகிக் கணக்கான ரூட்டின் அஞ்சல் பெட்டி, கண்ணில் பட்டது. திறந்தேன். "டீகிரேடட்அரே ஈவென்ட்" என்ற தலைப்பில் நாளுக்கு ஒன்றாக நூற்றுக்கும் மேற்பட்ட மெயில்கள். முதல் டிஸ்க் போன அன்றே, ரெய்டைக் கண்காணிக்கும் எம்டிஏடிஎம் நிரல் சொல்லிவிட்டது. கேட்க ஆளில்லை என்பதால் தினமும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

கூட வந்த தம்பி கேட்டான்: "அண்ணா, ரூட்டுக்கெல்லாம் மெயில் வருமா?"

அந்தச் சர்வரை நிறுவியவன் நான்தான். அதனால் அவனிடம் கோபப்பட முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் நிறுவும் ஒவ்வொரு லினக்ஸ் சர்வரிலும் செய்வதைக் கீழே எழுதியிருக்கிறேன். வெளியிலிருந்து மெயில் வாங்கும் பெரிய மெயில் சர்வர் பற்றி இல்லை. ஒரு அலுவலகத்தில் ஐந்தோ ஐம்பதோ சர்வர்கள் இருக்கின்றன, அவை சொல்வது ஒரு மனிதரிடம் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். விசைப்பலகையில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். எக்ஸாம்பிள்.காம் என்று வரும் இடத்தில் உங்கள் டொமைனைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எந்த மென்பொருள்?

மெயிலை எடுத்துச் செல்லும் மென்பொருளுக்கு எம்டிஏ என்று பெயர். இதில் மூத்தது எரிக் ஆல்மன் பெர்க்லியில் எழுதிய சென்ட்மெயில். 1995-இல் கேம்பிரிட்ஜில் பிலிப் ஹேசல் எக்ஸிம் எழுதினார். ஐபிஎம்மில் இருந்த வீட்ஸே வெனிமா எழுதிய போஸ்ட்ஃபிக்ஸ் 1998-இல் வெளிவந்தது. எது வந்தாலும் /யூஎஸ்ஆர்/எஸ்பின்/சென்ட்மெயில் என்ற பெயரில் ஒரு நிரலைத் தந்தே ஆக வேண்டும், ஏனென்றால் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானிலிருந்து பிஎச்பி வரை எல்லாமே அந்தப் பெயரைத்தான் கூப்பிடும். அதனால்தான் டெபியனில் இந்தப் பேக்கேஜ்கள் எல்லாம் "மெயில்-டிரான்ஸ்போர்ட்-ஏஜென்ட்" என்ற பொதுப்பெயரைத் தாங்கி, ஒன்றுக்கொன்று முரண்படுவதாக அறிவித்துக்கொள்கின்றன. போஸ்ட்ஃபிக்ஸை நிறுவினால் எக்ஸிம் தானாக வெளியேறும். ரெட்ஹேட் பக்கம் இரண்டும் கூடவே இருக்கலாம், எது நடப்பு என்பதை ஆல்டர்நேட்டிவ்ஸ் கட்டளையில் தேர்ந்தெடுப்பீர்கள்.

"அறிவிப்பு அனுப்ப இவ்வளவு பெரியதா, எம்எஸ்எம்டிபி போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. எம்எஸ்எம்டிபி மெயிலை அப்போதே இன்னொரு சர்வரிடம் தள்ளிவிடும் சின்ன நிரல், அதனிடம் தனக்கென வரிசை கிடையாது. இணைப்பு இல்லாத நேரத்தில் வந்த மெயில் அப்படியே தொலையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையில் இணைப்பு எத்தனை தடவை போகும் என்பது உங்களுக்கே தெரியும். வரிசையில் வைத்துக் காத்திருக்கத் தெரிந்த மென்பொருள்தான் வேண்டும்.

முதல் படி: பெயர்

நிறுவும் முன் சர்வரின் முழுப்பெயரைச் சரிபாருங்கள். ஹோஸ்ட்நேம் -எஃப் என்று அடித்தால் "கணக்கு1.எக்ஸாம்பிள்.காம்" என்பதுபோல் புள்ளிகளோடு வர வேண்டும். வெறும் "கணக்கு1" என்று வந்தால் /எட்சி/ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்துங்கள்.

அடுத்து ஆப்ட் இன்ஸ்டால் போஸ்ட்ஃபிக்ஸ். நிறுவும்போது கேள்வி கேட்கும் டெப்கான்ஃப் ஒரு திரையைக் காட்டி ஐந்து வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். நமக்கு வேண்டியது "சேட்டலைட் சிஸ்டம்": எல்லா மெயிலையும் இன்னொரு சர்வரிடம் ஒப்படைத்துவிடும் முறை. "இன்டர்நெட் சைட்" வேண்டாம். நேரடியாக ஊர் உலகத்துக்கு அனுப்ப 25-ஆம் போர்ட் திறந்திருக்க வேண்டும், ஐபி முகவரியிலிருந்து பெயரைக் காட்டும் தலைகீழ் டிஎன்எஸ் சரியாக இருக்க வேண்டும், அனுப்புநர் போலியில்லை என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் எல்லாம் வேண்டும். அந்தத் தலைவலியை ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கும் உங்கள் மெயில் சேவையிடமே விட்டுவிடலாம்.

அடுத்த கேள்வி "சிஸ்டம் மெயில் நேம்". பாதிப்பேர் விழும் குழி இது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கேள்வியைப் பார்த்ததும் கம்பெனி டொமைனை, அதாவது எக்ஸாம்பிள்.காம் என்று அடிக்கத்தான் கை போகும். அடித்தால் இரண்டில் ஒன்று நடக்கும். அந்தப் பெயர், எவற்றை உள்ளூர் என்று எடுத்துக்கொள்வது என்று சொல்லும் மைடெஸ்டினேஷன் பட்டியலிலும் சேர்ந்துவிட்டால், "எக்ஸாம்பிள்.காம் என்பது நான்தான்" என்று போஸ்ட்ஃபிக்ஸ் நம்பிவிடும். மேலாளருக்கு அனுப்பும் மெயிலை வெளியே அனுப்பாமல், உள்ளேயே அப்படி ஒரு பயனரைத் தேடி, "யூசர் அன்னோன்" என்று திருப்பி அடிக்கும். பட்டியலிலிருந்து அந்தப் பெயரை எடுத்துவிட்டால் வேறு கதை. கிரான் "ரூட்" என்று மொட்டையாக எழுதிய முகவரிக்குப் பின்னால் போஸ்ட்ஃபிக்ஸ் மைஆரிஜின் மதிப்பை ஒட்டும். டெபியனில் அந்த மதிப்பு /எட்சி/மெயில்நேம் கோப்பிலிருந்து வருகிறது. ஆக ரூட், ரூட்@எக்ஸாம்பிள்.காம் ஆகிறது. அது உள்ளூர் முகவரி இல்லை. அதனால், எந்தப் பெயருக்கு வரும் மெயில் யாரிடம் போக வேண்டும் என்று எழுதி வைக்கும் அலையாசஸ் கோப்பைப் போஸ்ட்ஃபிக்ஸ் எட்டிக்கூடப் பார்க்காது. நீங்கள் அதில் எவ்வளவு அழகாக எழுதி வைத்திருந்தாலும் சரி. மெயில் நேராக வெளியே போய், அங்கே ரூட் என்று யாரும் இல்லாமல் திரும்பி வரும்.

அலையாசஸ் வேலை செய்வது உள்ளூர் விநியோகத்துக்கு மட்டுமே. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஆகவே மெயில் நேம் கேட்கும் இடத்தில் சர்வரின் முழுப்பெயரையே கொடுங்கள்: கணக்கு1.எக்ஸாம்பிள்.காம். வெளியே போகும்போது அனுப்புநர் பெயரை மாற்றிக்கொள்ள வேறு வழி இருக்கிறது, பிறகு வருகிறேன்.

இரண்டாம் படி: வெளியே போகும் வழி

போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புக் கோப்பான மெயின்.சிஎஃப்பை எடிட்டரில் திறந்து திருத்துவதைவிட போஸ்ட்கான்ஃப் -இ கட்டளையே நல்லது. எழுத்துப்பிழைக்கு இடம் குறைவு, பின்னால் பேக்கேஜுக்குள்ளும் அதே வரியைப் போட்டுக்கொள்ளலாம்.

போஸ்ட்கான்ஃப் -இ "ரிலேஹோஸ்ட் = [எஸ்எம்டிபி.எக்ஸாம்பிள்.காம்]:587"
போஸ்ட்கான்ஃப் -இ "ஐநெட்_இன்டர்ஃபேசஸ் = லூப்பேக்-ஒன்லி"
போஸ்ட்கான்ஃப் -இ "எஸ்எம்டிபி_டிஎல்எஸ்_செக்யூரிட்டி_லெவல் = என்க்ரிப்ட்"
போஸ்ட்கான்ஃப் -இ "எஸ்எம்டிபி_எஸ்ஏஎஸ்எல்_ஆத்_எனேபிள் = எஸ்"
போஸ்ட்கான்ஃப் -இ "எஸ்எம்டிபி_எஸ்ஏஎஸ்எல்_செக்யூரிட்டி_ஆப்ஷன்ஸ் = நோஅனானிமஸ்"
போஸ்ட்கான்ஃப் -இ "எஸ்எம்டிபி_எஸ்ஏஎஸ்எல்_பாஸ்வேர்ட்_மேப்ஸ் = ஹாஷ்:/எட்சி/போஸ்ட்ஃபிக்ஸ்/எஸ்ஏஎஸ்எல்_பாஸ்வேர்ட்"

சதுர அடைப்புக்குறி அலங்காரம் இல்லை. அது இருந்தால்தான், ஒரு டொமைனின் மெயிலை வாங்கும் சர்வரைச் சொல்லும் எம்எக்ஸ் பதிவைத் தேடாமல் அந்தப் பெயருக்கே நேராகப் போகும். பாஸ்வேர்ட் கோப்பில் ஒரே வரி: அதே அடைப்புக்குறி, போர்ட் எண்ணோடு சர்வர் பெயர், ஒரு இடைவெளி, பயனர்பெயர், முக்காற்புள்ளி, கடவுச்சொல். பெயர் ரிலேஹோஸ்டில் எழுதியபடியே இருக்க வேண்டும். மற்றவர்கள் படிக்க முடியாதபடி சிஎச்மாட் 600 போட்டுவிட்டு, கோப்பைப் போஸ்ட்ஃபிக்ஸ் தேடும் வடிவத்துக்கு மாற்றும் போஸ்ட்மேப்பை ஓட்டுங்கள்.

இதெல்லாம் சரியாகச் செய்தும் பதிவேட்டில் (லாக்) "நோ மெக்கானிசம் அவெய்லபிள்" என்று வந்தால் கடவுச்சொல்லைச் சந்தேகப்படாதீர்கள். லிப்எஸ்ஏஎஸ்எல்2-மாட்யூல்ஸ் பேக்கேஜ் இல்லை என்று பொருள். அதை நிறுவினால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க நான் கடவுச்சொல்லையே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அனுப்புநர் முகவரி. கணக்கு1.எக்ஸாம்பிள்.காம் என்பது வெளியுலகுக்குத் தெரியாத பெயர், ஆகவே ரூட்@கணக்கு1.எக்ஸாம்பிள்.காம் என்ற அனுப்புநரைப் பல சேவைகள் ஏற்காது. /எட்சி/போஸ்ட்ஃபிக்ஸ்/ஜெனரிக் என்ற கோப்பில் ஒரு வரி:

@கணக்கு1.எக்ஸாம்பிள்.காம் நோட்டிஃபை@எக்ஸாம்பிள்.காம்

எஸ்எம்டிபி_ஜெனரிக்_மேப்ஸ் மதிப்பாக ஹாஷ்: என்ற முன்னொட்டோடு இந்தக் கோப்பைக் கொடுத்து, போஸ்ட்மேப் ஓட்டுங்கள். எஸ்எம்டிபி வழியாக வெளியேறும்போது மட்டும் பெயர் மாறும், உள்ளே எதுவும் குழம்பாது. எந்த சர்வரிலிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்? கிரான், எம்டிஏடிஎம் இரண்டுமே தலைப்பில் சர்வர் பெயரைப் போட்டுவிடும்.

மூன்றாம் படி: அலையாசஸ்

/எட்சி/அலையாசஸ் பார்க்கச் சாதாரணக் கோப்பு. இடப்பக்கம் பெயர், முக்காற்புள்ளி, வலப்பக்கம் போக வேண்டிய இடம். பல இடங்கள் என்றால் காற்புள்ளி. இடைவெளியில் தொடங்கும் வரி முந்தைய வரியின் தொடர்ச்சி. என் சர்வர்களில் இப்படி இருக்கும்:

போஸ்ட்மாஸ்டர்: ரூட்
அப்யூஸ்: ரூட்
டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா: ரூட்
ரூட்: சர்வர்கள்@எக்ஸாம்பிள்.காம், காப்பு

எல்லாம் ரூட்டில் வந்து சேர்கிறது, ரூட்டிலிருந்து மனிதர்களிடம் போகிறது. போஸ்ட்மாஸ்டர் என்ற பெயர் விருப்பம் இல்லை. மெயில் வாங்கும் எந்தச் சர்வரும் அதை வைத்திருக்க வேண்டும் என்று 2008-இல் வந்த ஆர்எஃப்சி 5321 சொல்கிறது. அப்யூஸ் போன்ற பெயர்களை 1997-இன் ஆர்எஃப்சி 2142 பட்டியலிட்டிருக்கிறது.

"சர்வர்கள்" என்பது ஒரு குழு முகவரி. ஒருவரின் சொந்த முகவரியை இங்கே எழுதவே எழுதாதீர்கள். அவர் வேலையை விட்டுப் போவார், முகவரி மூடப்படும், நீங்கள் பழையபடி /வார்/மெயில்/ரூட் நிலைமைக்கே வந்து நிற்பீர்கள், இந்த முறை அந்தக் கோப்பும் இல்லாமல். "காப்பு" என்பது அதே சர்வரில் இருக்கும் சாதாரணப் பயனர் கணக்கு. வெளிவழி அடைபட்டிருந்தாலும் ஒரு பிரதி சர்வரிலேயே விழும். முதல் படியில் மெயில் நேமைச் சரியாகக் கொடுத்ததால்தான் இந்த மொட்டைப் பெயரும் வேலை செய்கிறது.

கோப்பைத் திருத்தியதும் நியூஅலையாசஸ் கட்டளையை ஓட்டுங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் படிப்பது நீங்கள் எழுதிய கோப்பை அல்ல, அதிலிருந்து உருவாகும் .டிபி கோப்பை. மறந்தால் பிழைச் செய்தி எதுவும் வராது, பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருக்கும். சந்தேகம் வந்தால்:

போஸ்ட்அலையாஸ் -க்யூ ரூட் ஹாஷ்:/எட்சி/அலையாசஸ்

இது .டிபி கோப்பில் உண்மையில் என்ன இருக்கிறது என்று காட்டும். சில புதிய லினக்ஸ் விநியோகங்களில் .டிபி கோப்பை உருவாக்கும் பெர்க்லி டிபியை எடுத்துவிட்டார்கள், அங்கே ஹாஷ் என்பதற்குப் பதில் எல்எம்டிபி என்று எழுத வேண்டியிருக்கும். போஸ்ட்கான்ஃப் -எம் கொடுத்தால் உங்கள் சர்வருக்கு எதெல்லாம் தெரியும் என்று பட்டியல் வரும்.

இன்னொரு குழப்பம்: அலையாஸ்_மேப்ஸ், அலையாஸ்_டேட்டாபேஸ் என்று இரண்டு அமைப்புகள். முதலாவது போஸ்ட்ஃபிக்ஸ் எங்கே தேட வேண்டும் என்பது. இரண்டாவது நியூஅலையாசஸ் எவற்றைப் புதுப்பிக்க வேண்டும் என்பது. ஒன்றில் சேர்த்துவிட்டு மற்றதை மறந்தால் என்ன ஆகும் என்று அடுத்த படியில் பார்ப்பீர்கள்.

வலப்பக்கத்தில் குழாய்க்குறி போட்டு ஒரு நிரலுக்கும் மெயிலைத் தள்ளலாம். கோப்பு ரூட்டுக்குச் சொந்தம் என்றால் அந்த நிரல் நோபடி என்ற அதிகாரமில்லாப் பயனராக ஓடும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் "கையால் ஓட்டினா ஓடுது, மெயில்ல வந்தா ஓடல" என்ற புகாருக்கும் அதுதான் காரணம்.

நான்காம் படி: பேக்கேஜ்

ஒரு சர்வர் என்றால் இங்கேயே நிறுத்தலாம். ஐந்தாவது சர்வரில் நான் ஜெனரிக் கோப்பை மறந்தேன், ஏழாவதில் நியூஅலையாசஸை. அப்போதுதான் இதை ஒரு .டெப், அதாவது டெபியன் பேக்கேஜ் ஆக்கினேன். பெயர் "ஆபீஸ்-மெயில்".

பேக்கேஜின் விவரம் சொல்லும் கன்ட்ரோல் கோப்பில் ஆர்க்கிடெக்சர் "ஆல்". கூடவே வர வேண்டியவற்றைச் சொல்லும் டிபெண்ட்ஸ் வரியில் போஸ்ட்ஃபிக்ஸ், லிப்எஸ்ஏஎஸ்எல்2-மாட்யூல்ஸ், சிஏ-சர்டிஃபிகேட்ஸ், பிஎஸ்டி-மெயில்எக்ஸ். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் இனி யாருக்கும் வராது.

அடுத்தவர் பேக்கேஜின் அமைப்புக் கோப்பில் நேரடியாகக் கைவைக்கக் கூடாது, அந்தப் பேக்கேஜ் தரும் கருவி வழியாகவே மாற்ற வேண்டும் என்பது டெபியன் கொள்கை. போஸ்ட்கான்ஃப் அப்படிப்பட்ட கருவி. /எட்சி/அலையாசஸ் கோப்பை, நிறுவியதும் ஓடும் ஸ்கிரிப்டான போஸ்ட்இன்ஸ்ட் திருத்தலாம், திருத்தினால் நியூஅலையாசஸ் ஓட்ட வேண்டும் என்று கொள்கையே சொல்கிறது. ஆனாலும் நான் அதைத் தொடுவதில்லை. ஏற்கெனவே யாராவது அதில் ஒரு ரூட் வரி எழுதியிருப்பார்கள், ஸ்கிரிப்டில் எழுத்துகளைத் தேடி மாற்றும் செட் கட்டளை வைத்து அதை மாற்றப் போய் ஒருநாள் ஏதாவது உடையும். அதற்குப் பதில் பேக்கேஜ் தன்னுடைய தனிக் கோப்பைக் கொண்டுவருகிறது: /எட்சி/போஸ்ட்ஃபிக்ஸ்/ஆபீஸ்-அலையாசஸ். மேலே காட்டிய வரிகள் அதில். அலையாஸ்_மேப்ஸ், அலையாஸ்_டேட்டாபேஸ் இரண்டிலும் /எட்சி/அலையாசஸ் முதலில், நம் கோப்பு அடுத்து. முதலில் கிடைத்த விடையைத்தான் போஸ்ட்ஃபிக்ஸ் எடுக்கும். ஆகவே ஒரு சர்வருக்கு மட்டும் தனி ஏற்பாடு வேண்டுமானால் அதன் /எட்சி/அலையாசஸில் எழுதினால் போதும், அது மேலோங்கும். இதற்கு மறுபக்கமும் உண்டு: நிறுவும்போது டெப்கான்ஃப் கேட்கும் ரூட் முகவரியைக் காலியாக விடுங்கள், இல்லையென்றால் அது /எட்சி/அலையாசஸில் உட்கார்ந்துகொண்டு உங்கள் கோப்பை மறைத்துவிடும்.

போஸ்ட்இன்ஸ்ட் செய்வது: போஸ்ட்கான்ஃப் வரிகள், ஹோஸ்ட்நேமை வைத்து ஜெனரிக் கோப்பை எழுதிப் போஸ்ட்மேப், நியூஅலையாசஸ், போஸ்ட்ஃபிக்ஸ் செக், கடைசியில் ரீஸ்டார்ட். ரீலோட் போதாது. ஐநெட்_இன்டர்ஃபேசஸ் மாறினால் நிறுத்திக் கிளப்பினால்தான் எடுத்துக்கொள்ளும்.

மேம்படுத்தும் ஒவ்வொரு தடவையும் நிர்வாகி கையால் செய்த மாற்றங்களை அழிக்கக் கூடாது என்று, முதல் நிறுவலில் மட்டும் ஓடும்படி எழுதினேன். போஸ்ட்இன்ஸ்டுக்கு, பேக்கேஜ்களை நிறுவும் கருவியான டிபிகேஜி கொடுக்கும் இரண்டாவது மதிப்பில் பழைய பதிப்பு எண் இருக்கும், முதல் தடவை என்றால் அது காலி. அழகாக வேலை செய்தது, ஒருவர் பேக்கேஜை ரிமூவ் செய்து மறுபடி நிறுவும் வரை. பர்ஜ் செய்யாமல், அதாவது அமைப்புக் கோப்புகளையும் சேர்த்து அழிக்காமல், ரிமூவ் மட்டும் செய்தால் டிபிகேஜி பழைய பதிப்பை நினைவில் வைத்திருக்கும், மதிப்பு காலியாக வராது. என் ஸ்கிரிப்ட் "ஏற்கெனவே செய்தாகிவிட்டது" என்று கை கழுவிவிட்டது. இப்போது பதிப்பு எண்ணைப் பார்ப்பதில்லை. அலையாஸ்_மேப்ஸில் நம் கோப்பு இருக்கிறதா என்று போஸ்ட்கான்ஃப் -எச் மூலம் பார்த்து, இல்லாவிட்டால் மட்டும் அமைப்பு வரிகளை எழுதுகிறது.

அகற்றும்போது செய்ய வேண்டியதுதான் பலரும் மறப்பது. கோப்பு போய்விட்டு அலையாஸ்_மேப்ஸில் பெயர் மட்டும் நின்றுவிட்டால், "அலையாஸ் டேட்டாபேஸ் அன்அவெய்லபிள்" என்று உள்ளூர் மெயில் எல்லாம் வரிசையில் தேங்கும். அலையாஸ்_டேட்டாபேஸில் சேர்க்க மறந்து .டிபி உருவாகாமல் போனாலும் இதே கதிதான். ஆகவே அகற்றும் முன் ஓடும் ப்ரீஆர்எம் ஸ்கிரிப்டில், "ரிமூவ்" என்று அழைக்கப்படும்போது மட்டும், இரண்டு அமைப்புகளிலிருந்தும் பெயரை எடுங்கள். "அப்கிரேட்" என்றால் தொடாதீர்கள். .டிபி கோப்பு டிபிகேஜிக்குத் தெரியாதது, அதைப் பர்ஜ் சமயத்தில், அகற்றிய பின் ஓடும் போஸ்ட்ஆர்எம்தான் நீக்க வேண்டும்.

கடவுச்சொல்லைப் பேக்கேஜுக்குள் வைக்காதீர்கள். .டெப் கோப்பை யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம். போஸ்ட்இன்ஸ்ட் அந்தக் கோப்பு இருந்தால் போஸ்ட்மேப் ஓட்டட்டும், இல்லாவிட்டால் ஒரு வரி எச்சரிக்கை காட்டட்டும்.

டிபிகேஜி-டெப் --பில்ட் கொடுத்தால் .டெப் தயார். பேக்கேஜில் பிழை தேடும் லின்டியனை ஓட்டிப் பாருங்கள், முணுமுணுக்கும், பாதியாவது நியாயமாக இருக்கும். புதிய சர்வரில் டெப்கான்ஃப் கேள்விகளே வராமல் இருக்க, டெப்கான்ஃப்-செட்-செலக்ஷன்ஸ் மூலம் "சேட்டலைட் சிஸ்டம்", மெயில்நேம் இரண்டையும் முன்கூட்டியே ஊட்டுங்கள். இதைப் போஸ்ட்ஃபிக்ஸ் நிறுவப்படும் முன்பே செய்ய வேண்டும், ஆகவே நம் பேக்கேஜுக்குள் செய்ய முடியாது. இரண்டு வரி ஸ்கிரிப்ட் போதும்.

ஐந்தாம் படி: உண்மையிலேயே போகிறதா?

எக்கோ "சோதனை" | மெயில் -எஸ் "சோதனை" ரூட்

பதிவேட்டில் ஸ்டேட்டஸ்=சென்ட் வர வேண்டும். டெஃபர்ட் என்றால் காத்திருக்கிறது, பவுன்ஸ்ட் என்றால் திரும்பிவிட்டது, காரணம் அதே வரியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் இருக்கும். /வார்/லாக்/மெயில்.லாக் இல்லாத புதிய டெபியனில் ஜர்னல்சிடிஎல்லில் தேடுங்கள். ரெய்டு இருக்கும் சர்வரில் இதையும் செய்யுங்கள்:

எம்டிஏடிஎம் --மானிட்டர் --ஸ்கேன் --டெஸ்ட் --ஒன்ஷாட்

ஒவ்வொரு அரேவுக்கும் ஒரு சோதனை மெயில் உங்கள் கைப்பேசிக்கு வரும். அம்பத்தூரில் நான் செய்யாமல் விட்ட ஒரு வரி இது.

காத்திருக்கும் மெயில்களை மெயில்க்யூ காட்டும், போஸ்ட்க்யூ -எஃப் உடனே மறுபடி முயலச் சொல்லும். வரிசையில் ஒரு மெயிலைப் போஸ்ட்ஃபிக்ஸ் வைத்திருப்பது இயல்பாக 5 நாள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஓர் அலுவலகத்தில் நான்கு நாள் இணைப்பே இல்லை. யூபிஎஸ்ஸும் ஜெனரேட்டரும் சர்வரை உயிரோடு வைத்திருந்தன, வரிசையில் மெயில்கள் சேர்ந்துகொண்டே போயின, இணைப்பு வந்த ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் வந்து கொட்டின. ஒரு நாள் கூடியிருந்தால் பழையவை திரும்பியிருக்கும். அதிலிருந்து பேக்கேஜில் மேக்சிமல்_க்யூ_லைஃப்டைம் = 10டி என்று ஒரு வரி கூடியிருக்கிறது.

கடைசியாக, மெயில் வராததற்கும் ஓர் அர்த்தம் இருக்க வேண்டும் என்பதற்காக, திங்கள்கிழமை காலை 9 மணிக்கு ஒவ்வொரு சர்வரும் "இருக்கிறேன்" என்று ரூட்டுக்கு ஒரு மெயில் போடும்படி கிரானில் வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு திங்கள் அம்பத்தூர் சர்வரிலிருந்து மட்டும் வரவில்லை. பத்து மணிக்குப் போன் போட்டேன்.

"ஆமா சார், ஆயுத பூஜைக்கு ஆஃப் பண்ணி, துடைச்சு, பொட்டு வெச்சோம். திரும்ப ஆன் பண்ண மறந்துட்டோம் போல."